கடையில் வெட்டும், வீட்டில் வெட்டாது

என்ன உத்தியோகம் பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், கத்தரிக்கோல் விற்றேன் என்பேன். கேட்டவர் முகத்தைப் பார்த்தால், இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பது தெரியும். வராது. சிங்கப்பூரில் தையல் சாமான் கடை ஒன்றில், கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று, பூவேலை செய்யும் பெண்களுக்குச் சின்னக் கத்தரிக்கோல் விற்றேன். இருபத்தாறு வருஷம். அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் நான் இப்படி உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு.

எழுதச் சொன்னவர்கள் அதே கடையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள். போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தபோது பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் கத்தரிக்கோல்கள் சீமையிலிருந்தே அட்டையில் நூலால் தைத்து வருகின்றனவாம். அட்டையைப் பிரித்தால் வாங்கியாக வேண்டும். வெட்டிப் பார்க்காமல் எப்படி வாங்குவது என்று ஓர் அம்மாள் சண்டை போட்டுவிட்டுப் போனாராம். உங்கள் காலத்தில் எப்படித் தேர்ந்தெடுத்துக் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் காலத்தில் வெட்டிப் பார்த்துத்தான் கொடுத்தோம். அப்படிக் கொடுத்தும் ஒருமுறை நான் வசமாக மாட்டிக்கொண்டேன். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறி நான் இங்கே வந்து இறங்கியபோது, சிராங்கூன் ரோட்டில் மின்சார ட்ராம் ஓடத் தொடங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மாட்டுக் கொட்டகைகளுக்குப் பக்கத்துச் சந்தில் எட்டுப் பேர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் எனக்கும் பாய் போட இடம் கிடைத்தது. கடையில் முதல் வருஷம் பெட்டி உடைத்தேன். இரண்டாம் வருஷம் ரிப்பன் அளந்தேன். மூன்றாம் வருஷம் நூற்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன். இளஞ்சிவப்பில் எத்தனை சிவப்பு உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். நான்காம் வருஷம் கத்தரி மேசைக்கு வந்தேன். அங்கேதான் வைத்திலிங்கம் ஐயாவிடம் அகப்பட்டேன்.

கடை முதலாளி ஒரு வெள்ளைக்காரர். காலையில் வந்து தபாலைப் பார்த்துவிட்டுக் கிளப்புக்குப் போய்விடுவார். கடையை நடத்தியது வைத்திலிங்கம் ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு, நெற்றியில் மெல்லிய திருநீறு, மூக்கில் வெள்ளி விளிம்புக் கண்ணாடி. குரலை உயர்த்தி ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்ததையே மறுபடி துடைப்பார். அவர் கை கண்ணாடிப் பக்கம் போனால் நாங்கள் எல்லாரும் ஏதாவது ஒரு டிராயரைத் திறந்து உள்ளே பார்த்துக்கொண்டிருப்போம்.

புதுச் சரக்கு வந்தால் ஒவ்வொரு கத்தரிக்கோலையும் அவரே சோதிப்பார். முதலில் எண்ணெயைத் துடைத்துவிட்டு, மூடிய கத்தரிக்கோலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார். இரண்டு அலகுகளும் நுனியில் ஒட்டியிருக்க வேண்டும்; நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிய வேண்டும். நடுவிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆறே மாதத்தில் ஒன்றையொன்று தின்றுவிடும் என்பார். பிறகு ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மற்ற அலகை விரித்துவிடுவார். அது பொத்தென்று விழுந்தால் திருகு தளர்ச்சி. விழாமல் நின்றால் இறுக்கம். மெல்ல இறங்கிப் பாதியில் நின்றால் தலையை ஆட்டுவார். அதற்கடுத்துக் காதருகே வைத்து மூடித் திறப்பார். எல்லாம் முடிந்த பிறகு, ஒற்றைப் பட்டிழையைத் தண்ணீரில் நனைத்து, நுனியால் மட்டும், அரிசி நீளத்துக்கு மேல் அலகு படாமல் வெட்டுவார். காய்ந்த நூலை எந்தக் கத்தரிக்கோலும் வெட்டிவிடும். நனைந்த பட்டு மழுப்பும், வழுக்கும், அலகுக்குள் மடிந்துகொள்ளும். பூவேலைக்காரிக்கு வேண்டியது அந்த நுனி ஒன்றுதான். துணியில் அடுத்த இழையைத் தொடாமல் ஓர் இழையை மட்டும் எடுக்க வேண்டுமே.

"தம்பி, கத்தரிக்கோலைப் பாக்க வேண்டாம். அது வெட்டின நூலைப் பாரும்," என்பார். வெட்டுப்பட்ட நூல் முனை மொட்டையாக இருக்கிறதா, பிசிறியிருக்கிறதா, நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார். கத்தரிக்கோல் என்ன பவிசு காட்டினாலும் நூல் உண்மையைச் சொல்லிவிடும் என்பது அவர் கட்சி.

பவிசு என்றதும் கொக்கு ஞாபகம் வருகிறது. அந்தக் காலத்தில் பெண்களுக்கெல்லாம் கொக்கு வடிவக் கத்தரிக்கோல் மேல் ஒரே மோகம். கொக்கின் அலகுதான் கத்தரி அலகு, கால்கள்தான் வளையங்கள், உடம்பெல்லாம் தங்க முலாம். நல்ல எஃகில் செய்த கொக்கும் உண்டு, தகரத்துக்குத் தங்கை முறையான கொக்கும் உண்டு. எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லப்போவதில்லை. துரைசானிகள் வருவார்கள், மணிகோத்த செருப்புச் செய்யும், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த சீனர் வீட்டு நோன்யா பெண்கள் மாமியாரோடு வருவார்கள், கன்னியாஸ்திரிகள் இருவர் இருவராக வருவார்கள். எல்லார் விரலும் முதலில் கொக்கின் மேல்தான் போய் நிற்கும். என் வேலை, அந்த விரலை நோகாமல் பக்கத்துத் தட்டுக்கு நகர்த்துவது. அங்கே முலாம் பூசாத, மூன்றரை அங்குல, மூஞ்சியில் ஒரு களையுமில்லாத கத்தரிக்கோல்கள் இருக்கும். கையில் எடுத்து நனைந்த நூலை ஒருமுறை வெட்டிவிட்டால் கொக்கு பறந்துவிடும்.

ராகேல் அம்மாளுக்கு அந்த வேலையெல்லாம் தேவைப்படவில்லை. நான் கத்தரி மேசைக்கு வந்து நாலு வருஷம் ஆகியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை மத்தியானம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை, முழங்கைவரை ரவிக்கை. கணவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸராக இருந்து இறந்துபோனவர். இவர் செலிகி ரோட்டுப் பக்கம் அண்ணன் குடும்பத்தோடு இருந்தார். தமிழ்ப் பெண்கள் எங்கள் கடைக்கு வருவதே அபூர்வம். அவர் கொக்கைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வெறும் கத்தரிக்கோல் தட்டுக்கு வந்தார். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கைப்பையிலிருந்து தன் நூலையே எடுத்து உதட்டில் நனைத்து வெட்டினார். முனையைப் பார்த்தார். வாங்கிக்கொண்டு போய்விட்டார். வைத்திலிங்கம் ஐயா தம் இடத்திலிருந்து இதையெல்லாம் கவனித்துவிட்டு, அந்த மனுசிக்கு விசயம் தெரியும் என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

அடுத்த சனிக்கிழமை அந்த மனுசி கத்தரிக்கோலோடு திரும்பி வந்துவிட்டார்.

"வெட்ட மாட்டேங்குது ஐயா. நூலை மென்னு துப்புது."

நான் வாங்கி வெட்டிப் பார்த்தேன். வெண்ணெயில் இறங்குவது போல வெட்டியது. அவரிடம் கொடுத்தேன். அவரும் வெட்டினார், வெட்டியது. இருவரும் கத்தரிக்கோலைப் பார்த்தோம். அது சாதுவாக இருந்தது. எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு: திரும்பி வரும் சாமானை வைத்திலிங்கம் ஐயா சோதித்து, சீட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மாற்றிக் கொடுக்கலாம், அதுவும் ஒரே ஒரு முறை. அவர் சோதித்தார். சரக்கில் குறையில்லை என்று எழுதினார். ஆனாலும் விஷயம் தெரிந்த மனுசி என்பதால் வேறொன்று கொடுக்கச் சொன்னார்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் அவர் வந்தார். இந்த முறை ஐயா சாப்பிடப் போயிருந்தார். ராகேல் அம்மாள் மேசை மேல் கத்தரிக்கோலை வைத்தார். பிறகுதான் சங்கதியைச் சொன்னார். மிஷன் பெண்கள் பள்ளி ஒன்றில் தையல் ஆசிரியைக்கு ஆள் எடுக்கிறார்கள். குறுக்குத் தையலில் கரை போட்ட மேசை விரிப்பு ஒன்றை முடித்துக் கொண்டுபோய்க் கமிட்டித் துரைசானிகள் மூன்று பேருக்கு முன்னால் வைக்க வேண்டும். அவர்கள் எதிரிலேயே கொஞ்சம் தைத்தும் காட்ட வேண்டும். அண்ணன் வீட்டில் இரண்டு வருஷமாக இருக்கிறார். அண்ணி ஒன்றும் சொல்வதில்லை. ஒன்றும் சொல்லாமலே இருப்பதுதான் தாங்கவில்லை என்றார்.

நான் என்ன செய்ய? ஐயா வருவதற்குள் வேறொன்றை எடுத்துக் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்ததைச் சீட்டில்லாமல் தட்டில் வைக்க முடியாது. டிராயருக்குள் காகிதத்தின் அடியில் தள்ளினேன். மறு சனிக்கிழமை அதுவும் திரும்பியது. அதையும் மாற்றினேன். இப்போது காகிதத்தின் அடியில் இரண்டு கத்தரிக்கோல்கள். யாராவது டிராயர் பக்கம் வந்தால், என்ன வேண்டும் என்று முந்திக்கொண்டு நானே எடுத்துக் கொடுப்பேன்.

திருப்பிக் கொடுக்க நான்காம் தடவை அவர் வாசலில் தெரிந்தபோது நானே முந்திக்கொண்டேன். கத்தரிக்கோலை விட்டுவிட்டு, அது வெட்டிய துணியைக் காட்டச் சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் பையிலிருந்து விரிப்பை எடுத்து விரித்தார்.

அந்த வேலையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். கரை முழுக்கச் சின்னச் சின்ன மாதுளம்பூ. சிவப்பு மங்கி மங்கி நடுவில் மஞ்சளாகும் இடத்தில் தையல் எங்கே மாறுகிறது என்று தெரியாது. பின்புறம் திருப்பினேன். நூல் முனைகள் எல்லாம் நசுங்கி, மென்றது போலப் பிசிறியிருந்தன. ஓரிடத்தில் நூலோடு துணியின் இழையும் வெட்டுப்பட்டு, மிளகு அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதை எப்படியோ இழுத்துத் தைத்து மூடியிருந்தார்.

மறுபடி முன்புறம் திருப்பியபோதுதான் வேறொன்று கண்ணில் உறுத்தியது. குறுக்குத் தையலில் இரண்டு இழைகள் பெருக்கல் குறி போல ஒன்றின் மேல் ஒன்று விழும். மேலே விழும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். எங்கள் மேசைக்கு வந்த துணிகளில் பெரும்பாலும் அந்த மேலிழையின் தலை இடப்பக்கம் சாய்ந்திருக்கும். இவருடையதில் ஒன்றுகூடத் தப்பாமல் எல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. கண்ணாடியில் பார்ப்பது போல இருந்தது.

நான் ஒரு கத்தரிக்கோலை எடுத்து, என் இடக்கையில் மாட்டிக்கொண்டு, நனைந்த நூலை வெட்டிப் பார்த்தேன். வெட்டவில்லை. நூல் இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து நசுங்கியது. வலக்கையால் பிடிக்கும்போது கட்டைவிரல் தள்ளுகிற தள்ளில் அலகுகள் ஒன்றோடொன்று நெருங்கும். இடக்கையில் அதே தள்ளு அவற்றைப் பிரித்துவிடும். நாலு வருஷம் கத்தரிக்கோல் விற்றவனுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன். "அம்மா, இதை இடது கையால தைச்சீங்களா?"

அவர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். விரிப்பை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சாப்பிட, எழுத எல்லாம் சோத்துக் கைக்குப் பழக்கிட்டாங்க. ஊசி மட்டும் இந்தக் கைக்கே போயிடுச்சு. வீட்ல கதவைச் சாத்திக்கிட்டுத்தான் தைப்பேன். வெளிய யாரு முன்னாலயும் வலது கைதான். இந்தக் கைக்கு வெட்டுற கத்தரி ஒண்ணாவது கிடைக்காதான்னுதான் மாத்தி மாத்திப் பாத்தேன். பொடி நூலை வலது கையால வெட்டப் போய்த்தான் அந்த ஓட்டை விழுந்துச்சு."

"கமிட்டி முன்னால என்ன செய்வீங்க?"

"தெரியலை. அந்த ஸ்கூல்ல இடது கையால எழுதுற பிள்ளைங்களுக்குக் கைய முதுகுக்குப் பின்னால துணி வச்சுக் கட்டிப்போடுறாங்க. டீச்சரே நொட்டாங்கைன்னா விடுவாங்களா? நீங்க யாருகிட்டயும் சொல்லிடாதீங்க ஐயா."

சொல்லமாட்டேன் என்றேன். பரீட்சைக்கு இன்னும் பதினாறு நாள்தான் இருந்தது. இடக்கைக்கென்று பெரிய தையற்காரர் கத்தரிகள் சீமையில் செய்வதாக எப்போதோ விலைப்பட்டியலில் பார்த்த ஞாபகம். ஆனால் கடிதம் கப்பலில் போய்ச் சாமான் கப்பலில் வருவதற்குள், பள்ளியில் வேறொருத்தி இரண்டு பருவம் பாடம் நடத்தி முடித்திருப்பாள்.

மூன்று நாள் இதே யோசனையாக அலைந்தேன். நாலாம் நாள் மத்தியானம் மிடில் ரோடு வழியாகப் போகும்போது, அங்கிருந்த ஜப்பான்காரர் கடை ஒன்றின் வாசலில் ஒரு பெண் கிமோனோவின் ஓரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் வளையமில்லாத ஒரு குட்டிக் கத்தரி. ஒரே இரும்புப் பட்டையை இடுக்கி போல வளைத்து, இரண்டு முனையையும் தீட்டியிருந்தார்கள். விரலை நுழைக்க வேண்டியதில்லை. உள்ளங்கையில் வைத்து அமுக்கினால் வெட்டும், விட்டால் விரியும். கட்டைவிரல் தள்ளுவதற்கு அதில் இடமே இல்லை. எங்கள் கடையில் இந்தச் சாமானைக் கண்டால் எல்லாரும் சிரிப்பார்கள். திருகே இல்லாததைக் கத்தரிக்கோல் என்று வைத்திலிங்கம் ஐயா ஒப்புக்கொள்ளவே மாட்டார். நான் உள்ளே போய் எச்சிலில் நூலை நனைத்து வலக்கையில் வெட்டினேன், பிறகு இடக்கையில் வெட்டினேன். நூல் முனை இரண்டிலும் மொட்டை. கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். அப்போதே ஒன்று வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை ராகேல் அம்மாளிடம் மேசைக்கு மேலாக நீட்டாமல், ஒரு பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். இருந்த கத்தரிக்கோலைத் துணி வெட்ட வலக்கைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. பரீட்சை நாள் கடந்து போனது. எனக்கு அவர் வீட்டைப் போய் விசாரிக்கவும் வழியில்லை.

விசாரிக்காமலே செய்தி வந்தது, வரக்கூடாத வழியில். ஒரு காலையில் கமிட்டித் துரைசானிகளில் ஒருவர் கடைக்குள் நுழைந்து நேரே வைத்திலிங்கம் ஐயாவிடம் போனார். உங்கள் கடையில் உள்ளங்கையில் அமுக்கும் ஜப்பான் கத்தரி இருக்கிறதாமே, எனக்கு இரண்டு வேண்டும் என்றார். புதிதாக எடுத்திருக்கும் தையல் ஆசிரியை வைத்திருந்தாளாம். இந்தக் கடையில் இருப்பவர்தான் தேடிக் கொடுத்தார் என்றாளாம். அவள் தைத்துக் காட்டியபோது மூன்று பேரும் அந்தச் சாமானைக் கை மாற்றி மாற்றி வெட்டிப் பார்த்ததில் நேரம் போனதே தெரியவில்லையாம்.

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. மூன்று துரைசானிகளும் கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்ததில் ராகேல் அம்மாள் எந்தக் கையால் தைத்தார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வைத்திலிங்கம் ஐயா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

துரைசானியை மரியாதையாக வழியனுப்பிவிட்டு, என்னைத் தம் மேசைக்குக் கூப்பிட்டார். கண்ணாடியை இரண்டாம் தடவை துடைத்தார்.

"தம்பி, நாங்கள் விக்காத சாமானை எங்கட மேசையில நிண்டு ஆர் விக்கிறது?"

"விக்கலைங்க. ஒருத்தருக்கு வாங்கிக் கொடுத்தேன்."

"ஏன்?"

"அவங்களுக்கு நம்ம கத்தரிக்கோல் ஒத்துவரலை."

உடனே எழுந்து வந்து என் டிராயரைத் திறந்தார். காகிதத்தைத் தூக்கினார். இரண்டு கத்தரிக்கோல்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், விரித்தார், காதில் வைத்தார், நனைந்த பட்டில் வெட்டினார். ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. கடையில் எல்லாரும் அவரவர் டிராயருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுகளில என்ன பிழை?"

"ஒண்ணுமில்லைங்க."

"பிழையில்லாத கத்தரிக்கோல் ஏன் திரும்பி வந்தது?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துவிடலாம். அது என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் கமிட்டித் துரைசானிகள் வாரத்துக்கு ஒருமுறை அந்த மேசையில் வந்து பேசிக்கொண்டு நிற்பவர்கள். கடையில் ஒருவருக்குத் தெரிந்தால் அவர்களுக்குத் தெரிய எத்தனை நாளாகும்?

"அதை மட்டும் நான் சொல்ல முடியாதுங்க ஐயா."

அவர் இரண்டு கத்தரிக்கோல்களையும் தம் மேசைக்கு எடுத்துக்கொண்டு போனார். நாளைக்குத் துரை வந்ததும் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும், யோசித்துக்கொண்டு வாரும் என்று அனுப்பிவிட்டார். யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. ஊருக்குக் கப்பல் என்றைக்குப் போகிறது என்பதைத்தான் யோசித்தேன்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அவர் வந்திருந்தார். அவர் மேசையில் என்னுடைய இரண்டு கத்தரிக்கோல்களும் இருந்தன. பக்கத்தில் ஒரு புது ஜப்பான் கத்தரி. நேற்று மாலை அவரே மிடில் ரோட்டுக்குப் போய் வாங்கியிருக்கிறார். கோட்டுப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு அந்தக் கடை வாசலில் அவர் நின்றதை நினைத்துப் பார்க்கவே எனக்கு வேடிக்கையாக இருந்தது. மேசையில் வெள்ளைக் காகிதத்தின் மேல் நனைந்த பட்டு நூல் துண்டுகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒரு குவியலில் முனையெல்லாம் மொட்டை. மற்றதில் எல்லாம் நசுங்கல்.

"இது எங்கட கத்தரிக்கோல், என்ர வலக்கையால வெட்டினது," என்று முதல் குவியலைத் தொட்டார். "இதுவும் அதே கத்தரிக்கோல்தான்." இரண்டாவதைத் தொட்டார். எந்தக் கை என்று சொல்லவில்லை. "நான் ஒண்டும் கேக்க மாட்டன். நீரும் சொல்ல வேண்டாம்."

நான் கும்பிட்டேன். கும்பிடுவதற்கு இன்னும் நேரமிருக்கிறது என்றார். சீட்டில்லாமல் மாற்றிக் கொடுத்ததற்கும், சாமானை ஒளித்து வைத்ததற்கும் எனக்கு ஆறு மாதம் பொத்தான் மேசை. ஜப்பான் கத்தரியைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: இது கத்தரிக்கோல் இல்லை, ஆனால் வெட்டுகிறது. பிறகு சீமைக்கு அனுப்பும் ஆர்டர் தாளை எடுத்து, கடைசி வரியில், மூன்றரை அங்குலம், இடக்கைக்கு, அரை டஜன் என்று எழுதினார். துரை அது எழுத்துப் பிழை என்று அடித்துவிட்டார். ஐயா தாளை வாங்கி மறுபடியும் அதையே எழுதினார். துரைக்குக் கிளப்புக்கு நேரமாகியிருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆறு மாதம் பொத்தான் விற்பது எப்படிப்பட்டது என்று விற்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான் வாங்க வரும் மனிதர் எழுநூறு பொத்தானைப் பார்ப்பார். நான் அங்கே இருக்கும்போதே அந்த அரை டஜன் வந்து சேர்ந்தது. பார்ப்பதற்கு மற்றக் கத்தரிக்கோல்கள் போலவேதான் இருந்தன. அலகுகள் மட்டும் மாறி விழுந்திருந்தன. ஐயா அவற்றைத் தம் இடக்கையால் சோதித்தார். பழக்கமில்லாத கை. இரண்டு தடவை நழுவ விட்டார். ஆறையும் சோதிக்க ஒரு மத்தியானம் ஆயிற்று.

அவற்றை யாரும் கேட்டு வரவில்லை. கேட்டால் வெளியே தெரிந்துவிடுமே. நான் கத்தரி மேசைக்குத் திரும்பியதும், எந்த எழுத்தும் எழுதாமல் அவற்றை மற்றவற்றோடு தட்டில் வைத்தேன். யாராவது கையில் எடுத்து, வலக்கையால் வெட்டி முகம் சுளித்தால், வேறொன்றை நகர்த்திக் கொடுப்பேன். இரண்டு மாதத்தில், மாமியாரோடு வந்த ஒரு நோன்யா அம்மாள் எதையோ பேசிக்கொண்டே தற்செயலாக இடக்கையால் ஒன்றை எடுத்து வெட்டினார். பேச்சு நின்றது. இன்னொரு முறை வெட்டினார். பிறகு மாமியார் பக்கம் திரும்பாமலே அதை என்னிடம் நீட்டிக் கட்டச் சொன்னார். அடுத்த வாரம் அவர் தங்கை ஒன்று வாங்கினாள். ஒரு கன்னியாஸ்திரி ஒன்று வாங்கினார். ஏன் இதுதான் கைக்கு நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அரை டஜன் தீர்ந்ததும் ஐயா தாமாகவே ஒரு டஜனுக்கு எழுதினார்.

ராகேல் அம்மாள் அந்தச் சமயத்தில் கடைக்கு வரவேயில்லை. வேலையில் சேர்ந்துவிட்டார் என்பது மட்டும்தான் தெரியும். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தையல் வகுப்புக்கு மூன்றரை அங்குலக் கத்தரிக்கோல் இரண்டு டஜன். அதோடு இடக்கைக்கு நான்கு. கீழே தலைமை ஆசிரியையின் கையெழுத்து. வைத்திலிங்கம் ஐயா அதை வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினார். நீர்தான் கொண்டுபோக வேண்டும் என்றார். 

ரிக்ஷாவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முப்பது பெண் பிள்ளைகள் இருக்கும். ராகேல் அம்மாள் வராந்தாவுக்கு வந்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். குரலும் டீச்சர் குரலாகியிருந்தது. கடிதத்தில் இடக்கைக்கு நான்கு என்று எப்படி வந்தது என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா கட்டிப்போட்ட கைங்களப் பாத்துக்கிட்டே இருந்தேன் ஐயா. போன மாசம் நானே பெரிய டீச்சர்கிட்ட போயிச் சொல்லிட்டேன். உனக்கு வேலை கொடுக்கும்போது இது எனக்குத் தெரியாதேன்னாங்க. தெரிஞ்சா கொடுத்திருப்பீங்களான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"கிளாசுக்கு நேரமாச்சு, போன்னாங்க.  வேலைய விட்டே போகச் சொல்லிடுவாங்கன்னுதான் நினைச்சேன். மறுநாள் பாத்தா, கட்டுற துணியெல்லாம் மடிச்சு அலமாரிக்குள்ள போயிடுச்சு."

என்னை வகுப்புக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்தார். இரண்டு டஜனையும் மேசையில் வைத்துவிட்டு, தனியாகக் கட்டியிருந்த நான்கைப் பிரித்தார். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமை ஆசிரியையும் எதற்கோ வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். ராகேல் அம்மாள் ஒரு நூலை உதட்டில் நனைத்து, முதல் கத்தரிக்கோலை இடக்கையில் மாட்டிக்கொண்டு, எல்லாருக்கும் தெரியும்படி கையை உயர்த்தி வெட்டினார். முனையைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளையிடம் கொடுத்தார். இரண்டாவதை வெட்டி, பின்வரிசையில் ஒருத்தியிடம் கொடுத்தார். மூன்றாவதையும் அப்படியே.

நான்காவதை விரித்துவிட்டார். அலகு இறங்காமல் அப்படியே நின்றது. வெட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"இது திருகு இறுக்கம் ஐயா. மாத்திக் கொண்டாங்க."

நான் வாங்கி விரித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான்.